வர்த்தக ஒப்பந்தங்களில் அறிவுசார் சொத்துரிமை: எந்த மாதிரியை ஏற்கலாம்?

வளரும் நாடு ஒன்று வட்டார வர்த்தக ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் அமரும்போது, அதன் கைக்கு வரும் வரைவில் அறிவுசார் சொத்துரிமை அத்தியாயம் மிக நீளமானவற்றுள் ஒன்றாக இருப்பது வழக்கம். ஆனால் நாளிதழ்களிலும் நாடாளுமன்றங்களிலும் விவாதம் சுங்க வரியைச் சுற்றியே நடக்கிறது. எந்தப் பொருளுக்கு எத்தனை விழுக்காடு வரி குறைகிறது என்பது எவருக்கும் எளிதில் புரிந்துவிடுகிறது. காப்புரிமைக் காலம், மருந்துச் சோதனைத் தரவு, விதை உரிமை ஆகியவற்றைப் பற்றிய விதிகளோ இறுகிய சட்ட நடையில், முக்கியமான நிபந்தனைகள் பல அடிக்குறிப்புகளுக்குள் ஒதுங்கியிருக்க, எழுதப்படுகின்றன. அவற்றின் விளைவு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து பல ஆண்டுகள் கழித்தே வெளித்தெரிகிறது. அதற்குள் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு பெரும்பாலும் கடந்துபோயிருக்கும் என்பதால், எந்த மாதிரியைத் தேர்ந்தெடுப்பது என்பதைக் கையெழுத்துக்கு முன்பே ஒப்பிட்டுப் பார்த்தாக வேண்டும்.

இன்று நடைமுறையில் உள்ள ஒப்பந்தங்களை வைத்துப் பார்த்தால், அத்தகைய நாட்டின் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. 1995இல் உலக வர்த்தக அமைப்போடு நடைமுறைக்கு வந்த, அறிவுசார் சொத்துரிமைக்கான குறைந்தபட்ச விதிகளை வகுக்கும் ட்ரிப்ஸ் உடன்படிக்கையின் கடமைகளை மறு உறுதி செய்வதோடு நின்றுகொள்வது முதல் வழி. 2020 நவம்பரில் 15 ஆசிய-பசிபிக் நாடுகள் கையெழுத்திட்ட ஆர்.சி.இ.பி. ஒப்பந்தத்தைப் போல, பதிவு நடைமுறைகளிலும் அமலாக்கத்திலும் ட்ரிப்ஸைத் தாண்டிச் சென்று, மருந்து ஏகபோகத்தை நீட்டிக்கும் விதிகளை மட்டும் தவிர்ப்பது இரண்டாவது வழி. 2018 மார்ச்சில் சான்டியாகோவில் கையெழுத்தான, பசிபிக் வட்டார நாடுகளின் சி.பி.டி.பி.பி. ஒப்பந்தத்தில் இணைந்து, கடுமையான விதிகளில் சில நிறுத்தி வைக்கப்பட்ட நிலையில் மீதியை ஏற்பது மூன்றாவது. அமெரிக்கா 2000ஆம் ஆண்டு முதல் ஜோர்டான், சிலி, சிங்கப்பூர், மத்திய அமெரிக்க நாடுகள் முதலியவற்றோடு செய்துகொண்ட வகையிலான முழு அளவிலான ஒப்பந்தத்துக்கு உடன்படுவது நான்காவது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மாதிரி இந்த வரிசைக்குள் அடங்காதது. அதன் முதன்மைக் கவலை புவிசார் குறியீடுகள் என்பதால் அதைத் தனியே எடுத்துக்கொள்கிறேன்.

சொந்தமாக மருந்து தயாரிக்கும் திறனோ, மூல மருந்தின் மலிவான நகல்களான ஜெனரிக் மருந்துகளை நம்பியிருக்கும் பொதுச் சுகாதார அமைப்போ, விதையைச் சேமித்து விதைக்கும் உழவர்களோ உள்ள எந்த நாட்டுக்கும் இரண்டாவது வழியே பொருத்தமானது என்பது என் முடிவு. அதற்கான முதல் காரணம் மருந்துக்கும் விதைக்கும் முந்தியது. பேரத்தின் இயல்பிலேயே இருப்பது.

சுங்க வரிச் சலுகையை ஒரு கூட்டாளிக்கு மட்டும் தர முடியும். சரக்கு வர்த்தகத்துக்கான காட் உடன்படிக்கையின் 24ஆம் உறுப்பு அதற்கு விலக்கு அளிக்கிறது. சேவைகள் துறையிலும் அத்தகைய விலக்கு உண்டு. ட்ரிப்ஸ் உடன்படிக்கையின் 4ஆம் உறுப்பிலோ வட்டார ஒப்பந்தங்களுக்கென்று அப்படியொரு பொது விலக்கு இல்லை. ஒரு நாட்டின் குடிமக்களுக்கு அறிவுசார் சொத்துரிமையில் அளிக்கப்படும் எந்தச் சலுகையும் உலக வர்த்தக அமைப்பின் மற்ற எல்லா உறுப்பு நாடுகளின் குடிமக்களுக்கும் நிபந்தனையின்றி உடனே சேர்ந்துவிடும். வாஷிங்டனோடு பேசி, ஆடைகளுக்கோ சர்க்கரைக்கோ கிடைத்த சந்தைக்கு ஈடாக ஒரு நாடு காப்புரிமைக் காலத்தை நீட்டித்தால், அந்த நீட்டிப்பு ஜப்பானிய நிறுவனத்துக்கும் சுவிஸ் நிறுவனத்துக்கும் கிடைக்கும். அவர்கள் எதையும் திருப்பித் தர வேண்டியதில்லை. பின்னர் அந்த நாடுகளோடு பேச்சுவார்த்தை நடக்கும்போது கையில் பேரம் பேச ஒன்றும் மிஞ்சியிருக்காது. வரிச் சலுகையைப் பல கூட்டாளிகளிடம் பல முறை விற்கலாம், இதை ஒரே ஒரு முறைதான் விற்க முடியும். எனவே கிடைக்கும் விலை என்ன என்பதை விற்பதற்கு முன் பல மடங்கு கறாராகப் பார்க்க வேண்டும்.

அமெரிக்க மாதிரி என்ன கேட்கிறது

ட்ரிப்ஸ் உடன்படிக்கை காப்புரிமைக்கு விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகளைக் குறைந்தபட்சக் காலமாக வைக்கிறது. காப்புரிமையாளரின் இசைவின்றியே பிறர் தயாரிக்க அனுமதிக்கும் கட்டாய உரிமம் வழங்கும் அதிகாரத்தையும் அது அரசுகளிடம் விட்டுவைத்திருக்கிறது. 2001 நவம்பரில் தோஹாவில் வெளியான பொதுச் சுகாதாரம் பற்றிய பிரகடனம், அதற்கான காரணங்களைத் தீர்மானிக்கும் உரிமை அந்தந்த நாட்டுக்கே உண்டு என்று உறுதிப்படுத்தியது. அமெரிக்க மாதிரி இந்த இடைவெளியை மூன்று பக்கமும் இறுக்குகிறது. காப்புரிமை அலுவலகத்திலோ மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிலோ ஏற்படும் தாமதத்தை ஈடுசெய்ய 20 ஆண்டுகளுக்கு மேல் காலத்தை நீட்டிக்கச் சொல்கிறது. காப்புரிமை நடப்பில் இருக்கும்வரை ஜெனரிக் மருந்துக்குச் சந்தை ஒப்புதல் தரக் கூடாது என்று மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பையே காப்புரிமைக்குக் காவல் வைக்கிறது. மூன்றாவதாக, முதல் நிறுவனம் ஒப்புதலுக்காகச் சமர்ப்பித்த சோதனைத் தரவுகளைப் புதிய வேதிப்பொருளாயின் குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு வேறு எவரும் சார்ந்திருக்கக் கூடாது என்று விதிக்கிறது. ஆஸ்திரேலியா, மொராக்கோ, சிங்கப்பூர் ஆகியவற்றுடனான ஒப்பந்தங்களில், வெளிநாட்டில் மலிவாக விற்கப்படும் அதே நிறுவனத்தின் மருந்தை இறக்குமதி செய்வதற்கும் தடை சேர்ந்தது.

இவற்றில் சோதனைத் தரவுக் காப்பே மிகவும் கவனிக்கத்தக்கது. பேச்சுவார்த்தைக் குழுக்கள் பல நேரங்களில் இதை ஒரு தொழில்நுட்ப விவரமாக எண்ணிக் கடந்துவிடுகின்றன. ஜெனரிக் நிறுவனம் அதே மனிதச் சோதனைகளை மறுபடியும் செய்வதில்லை. தன் மாத்திரை மூல மருந்தைப் போலவே உடலில் சேர்கிறது என்பதை மட்டும் நிரூபிக்கிறது. மருந்து பாதுகாப்பானது, பயன் தருவது என்பதற்குக் கட்டுப்பாட்டு அமைப்பு ஏற்கெனவே தன்னிடமுள்ள முடிவுகளை நம்புகிறது. அப்படி நம்புவது தடை செய்யப்பட்டால், காப்புரிமையே இல்லாத மருந்துக்கும் ஏகபோகம் உருவாகிவிடுகிறது.

இதற்குக் கோல்ச்சிசின் சான்று. கௌட் எனப்படும் மூட்டு நோய்க்கு மிக நீண்ட காலமாகப் பயன்பட்டு வந்த, எவரும் கண்டுபிடிப்பாகச் சொந்தம் கொண்டாட முடியாத பழைய மருந்து அது. முறையான ஒப்புதல் இல்லாமலே அமெரிக்காவில் பல நிறுவனங்கள் அதை விற்றுவந்தன. 2009இல் ஒரு நிறுவனம் புதிய சோதனைகளை நடத்தி முறையான ஒப்புதல் பெற்றது. அதற்காக அந்நோய்க்கான பயன்பாட்டில் மூன்றாண்டுத் தனி உரிமையும் பெற்றது. அதுவரை விற்கப்பட்டுவந்த ஒப்புதலற்ற மாத்திரைகளைச் சந்தையிலிருந்து விலக்குமாறு 2010இல் உத்தரவு வந்தது. மாத்திரை ஒன்றுக்குச் சுமார் 9 சென்ட்டாக இருந்த விலை ஏறத்தாழ 5 டாலராக உயர்ந்தது. சோதனை நடந்ததில் நன்மை இல்லாமல் இல்லை. மருந்தின் சரியான அளவு பற்றித் தெளிவு கிடைத்தது. ஆனால் அந்தத் தெளிவுக்கான விலை முழுவதையும் நோயாளிகளே கட்ட வேண்டியிருந்தது. செல்வம் மிகுந்த நாட்டின் காப்பீட்டு அமைப்பு இதைத் தாங்கிக்கொள்ளக்கூடும். மருந்துச் செலவில் பெரும் பங்கை மக்கள் தங்கள் கையிலிருந்து கொடுக்கும் நாட்டில் இந்த விதி எப்படி இறங்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கட்டாய உரிமத்தையும் இது செயலிழக்கச் செய்யக்கூடும். காப்புரிமையை மீறி உற்பத்தி செய்ய அரசு அனுமதித்தாலும், தரவுக் காப்பு முடியும்வரை அந்த மருந்தைப் பதிவு செய்ய முடியாது என்றால், உரிமம் காகிதத்தோடு நின்றுவிடும். தரவுக் காப்பை ஏற்றே ஆக வேண்டிய நிலை வந்தால், கட்டாய உரிமம் வழங்கப்படும் மருந்துக்கு அது பொருந்தாது என்ற வரியை ஒப்பந்த உரைக்குள்ளேயே எழுதி வாங்க வேண்டும். இணைப்புக் கடிதத்தில் அளிக்கப்படும் உறுதிமொழி போதாது. மத்திய அமெரிக்க நாடுகளுக்கும் மொராக்கோவுக்கும் பொதுச் சுகாதாரம் பற்றிய உறுதிமொழிகள் தனிக் கடிதங்களாகத்தான் கிடைத்தன.

இந்த மாதிரியின் அழுத்தம் எத்தகையது என்பதை குவாத்தமாலாவின் அனுபவத்தில் காணலாம். தரவுக் காப்பை 2004இன் இறுதியில் சட்டத்திலிருந்து நீக்கிய அந்த நாடு, மத்திய அமெரிக்க ஒப்பந்தத்தின் ஒப்புதல் நிலுவையில் இருந்த சூழலில் 2005இன் தொடக்கத்திலேயே அதை மீண்டும் சட்டமாக்க வேண்டியதாயிற்று. ஜோர்டானில் 2001க்குப் பின் மருந்து விலைகள் 20 விழுக்காடு உயர்ந்ததாக ஆக்ஸ்பாம் அமைப்பு 2007இல் வெளியிட்ட ஆய்வு கூறியது. அந்த உயர்வு முழுவதும் ஒப்பந்தத்தால் வந்ததுதானா என்று வாதிட இடம் உண்டு. விலை எந்தத் திசையில் நகர்ந்தது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

இதே மாதிரிக்குள் ஒரு தளர்வும் நடந்திருக்கிறது, அதைப் பேச்சுவார்த்தையாளர்கள் மறந்துவிடக் கூடாது. 2007 மே 10 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு கட்சிகளும் நிர்வாகமும் எட்டிய உடன்பாட்டின்படி, பெரு, கொலம்பியா, பனாமா ஆகியவற்றுடனான ஒப்பந்தங்களில் மருந்துக் காப்புரிமைக் கால நீட்டிப்பும் ஒப்புதலைக் காப்புரிமையோடு பிணைக்கும் விதியும் கட்டாயத்திலிருந்து விருப்பத்துக்கு மாறின. தரவுக் காப்புக்கும் பொதுச் சுகாதார விலக்கு சேர்ந்தது. பின்னர் வட அமெரிக்க ஒப்பந்தத்திலும் இது நேர்ந்தது. அமெரிக்காவும் மெக்சிகோவும் கனடாவும் 2018இல் கையெழுத்திட்ட யு.எஸ்.எம்.சி.ஏ. உரையில், உயிரணுக்களைக் கொண்டு தயாரிக்கப்படும் உயிரியல் மருந்துகளுக்கு இருந்த பத்தாண்டுத் தரவுக் காப்பு, 2019 டிசம்பரில் செய்யப்பட்ட திருத்தத்தில் நீக்கப்பட்டது. இரண்டு முறையும் தளர்வுக்கு வழிசெய்தது அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களின் வலியுறுத்தல். ஆகவே நான்காவது வழியைத் தவிர வேறில்லை என்ற நிலையில் உள்ள நாடு, 2007இன் பெரு உரையைத் தன் தொடக்க நிலையாக மேசையில் வைக்க வேண்டும். அதற்குக் கடுமையான எதையும் முன்னுதாரணமாக ஏற்கக் கூடாது.

நிறுத்தி வைக்கப்பட்டவையும் நீங்காதவையும்

2016 பிப்ரவரியில் ஆக்லாந்தில் கையெழுத்தான பசிபிக் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து 2017 ஜனவரியில் அமெரிக்கா விலகியது. எஞ்சிய 11 நாடுகளும் அதே உரையை சி.பி.டி.பி.பி. என்ற பெயரில் எடுத்துக்கொண்டபோது 22 விதிகளை நிறுத்தி வைத்தன. அவற்றில் 11 அறிவுசார் சொத்துரிமை அத்தியாயத்தைச் சேர்ந்தவை. மருந்துச் சோதனைத் தரவுக் காப்பு, உயிரியல் மருந்துகளுக்கான காப்பு, காப்புரிமைக் கால நீட்டிப்பு, ஆசிரியரின் ஆயுளுக்குப் பின் 70 ஆண்டுப் பதிப்புரிமை ஆகியன இப்படி ஒதுக்கப்பட்டன. அமெரிக்கா எழுந்து போனவுடன் இவை ஒதுக்கப்பட்டதிலிருந்தே, மற்ற நாடுகள் இவற்றை எவ்வளவு தயக்கத்தோடு ஏற்றிருந்தன என்பது விளங்குகிறது.

ஆனால் இந்த விதிகள் நீக்கப்படவில்லை. உறுப்பு நாடுகள் அனைத்தும் இசைந்தால் மீண்டும் உயிர்பெறலாம். ஒதுக்கப்படாமல் நின்றவையும் பல. ஜெனரிக் மருந்து ஒப்புதல் கேட்கும்போது காப்புரிமையாளருக்குத் தெரிவித்து, வழக்காட அவருக்கு வாய்ப்பளிக்கும் ஏற்பாடு அப்படியே இருக்கிறது. வணிக ரகசியத் திருட்டுக்குக் குற்றவியல் தண்டனை இருக்கிறது. புதிய பயிர் ரகங்கள் பற்றிய 1991ஆம் ஆண்டு யூபாவ் ஒப்பந்தத்தில் சேர வேண்டும் என்ற கடமையும் இருக்கிறது. சி.பி.டி.பி.பி.யில் மருந்து விதிகளெல்லாம் போய்விட்டன என்று சொல்லப்படுவது பாதி உண்மைதான்.

நிறுத்தி வைத்த விதி வேறு வாசல் வழியாகத் திரும்பி வரவும் கூடும். பதிப்புரிமைக் காலத்தைப் பாருங்கள். ஒப்பந்தம் கட்டாயப்படுத்தாதபோதும் ஜப்பான் 2018 டிசம்பர் 30 அன்று 50 ஆண்டுகளை 70ஆக உயர்த்தியது. கனடா வட அமெரிக்க ஒப்பந்தக் கடமையின்படி 2022இன் இறுதியில் உயர்த்தியது. நியூசிலாந்து ஐரோப்பிய ஒன்றியத்துடனான, 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தில் அதற்கு இசைந்தது. ஏற்கெனவே எழுதி முடித்து ஆசிரியரும் மறைந்துவிட்ட நூலுக்குக் கூடுதல் 20 ஆண்டு உரிமை அளிப்பதால் புதிய நூல் எதுவும் எழுதப்படப் போவதில்லை. பிற மொழி நூல்களை மொழிபெயர்த்துப் படிக்கும் சமூகங்களுக்கும், மின்னூலாக்கத்தில் ஈடுபட்டுள்ள நூலகங்களுக்கும் இது நேரான இழப்பு. பதிப்புரிமைக்கான பெர்ன் உடன்படிக்கை கேட்கும் 50 ஆண்டுகளுக்கு மேல் செல்ல எந்தப் பேரத்திலும் முன்வரக் கூடாது என்பது என் கருத்து.

ஆர்.சி.இ.பி. தரும் இடைவெளி

2022 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த ஆர்.சி.இ.பி. ஒப்பந்தத்தின் 11ஆம் அத்தியாயம் 83 உறுப்புகளைக் கொண்டது. அதன் நீளத்தைக் கண்டு கடுமையை அளந்துவிடக் கூடாது. காப்புரிமைக் கூட்டுறவு உடன்படிக்கை, வணிகக் குறிகளுக்கான மாட்ரிட் நெறிமுறை, பார்வையற்றோருக்கு நூல்கள் கிடைக்க வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கை முதலியவற்றில் சேருமாறு அது கேட்கிறது. வளர்ச்சி குன்றிய உறுப்பு நாடுகளுக்கு மாறுதல் காலம் தருகிறது. தோஹா பிரகடனத்தை உரைக்குள்ளேயே மறு உறுதி செய்கிறது. மரபணு வளங்களுக்கும் மரபு அறிவுக்கும் தனி உறுப்பு வைத்திருக்கிறது. மாட்ரிட் முறையால் ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் குறியைப் பதிவு செய்ய முடிவதால், தனித்தனி வழக்கறிஞர்களை அமர்த்த வசதியில்லாத சிறு ஏற்றுமதியாளருக்கு உண்மையான பயன் கிடைக்கிறது. உரிமைகளை வலுப்படுத்துவது என்றாலே வளரும் நாட்டுக்குக் கேடு என்ற எண்ணமும் தவறுதான். எந்த உரிமை, யாருக்கு, என்ன செலவில் என்பதே கேள்வி.

இந்த உரையும் தானாக மென்மையாகிவிடவில்லை. 2015இல் கசிந்த வரைவுகளில் ஜப்பானும் தென்கொரியாவும் தரவுக் காப்பையும் காப்புரிமை நீட்டிப்பையும் கேட்டிருந்தன. நோயாளிகள் அமைப்புகளும் அப்போது பேச்சுவார்த்தையில் இருந்த இந்தியா முதலிய நாடுகளும் காட்டிய எதிர்ப்புக்குப் பின் அவை இறுதி உரையில் இடம்பெறவில்லை. 2019 நவம்பரில் இந்தியா விலகிய பிறகும் அவை திரும்பச் சேர்க்கப்படவில்லை. மருந்து ஏகபோகத்தை நீட்டிக்காமலே பெரிய பொருளாதாரங்கள் ஒன்றுசேர்ந்து ஒப்பந்தம் செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

முதல் வழியான ட்ரிப்ஸோடு நிற்பதற்கு இதைவிடக் குறைவான சுமையே. ஆனால் கூட்டாளி சிறியவராகவோ ஒத்த நிலையில் உள்ளவராகவோ இருந்தால் மட்டுமே அது கைகூடும். பெரிய சந்தை எதுவும் அதோடு திருப்தியடைவதில்லை. மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு மட்டும் அதுவே சரி. பொதுவான ட்ரிப்ஸ் கடமைகளிலிருந்து 2034 ஜூலை 1 வரையும், மருந்துக் காப்புரிமையிலிருந்து 2033 ஜனவரி 1 வரையும் அவற்றுக்கு விலக்கு இருக்கும்போது, வட்டார ஒப்பந்தத்தில் அதை விட்டுக்கொடுப்பதற்கு ஏற்ற ஈடு எதையும் என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் கேட்கும் புவிசார் குறியீடுகளில் இருபக்கப் பயன் உண்டு, அளவு மட்டும் சமமாக இருப்பதில்லை. 2020 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த வியட்நாம் ஒப்பந்தத்தில் ஐரோப்பாவின் 169 பெயர்களும் வியட்நாமின் 39 பெயர்களும் காக்கப்பட்டன. இந்த உரிமை மருந்தைப் போல உயிர்நிலைப் பொருளைத் தொடுவதில்லை என்பதால் இங்கே தாராளம் காட்டலாம்; உள்நாட்டில் பொதுப் பெயராகிவிட்ட சொற்களுக்கு மட்டும் விலக்கு கேட்டுப் பெற வேண்டும். ஃபெட்டா பாலாடைக்கட்டியை ஏற்கெனவே அந்தப் பெயரில் விற்றுவந்த கனடிய உற்பத்தியாளர்கள் தொடரலாம் என்று கனடா வாங்கிய விலக்கு நல்ல முன்மாதிரி. ஆனால் ஐரோப்பாவும் மருந்துத் துறையில் கேட்காமல் விடுவதில்லை. இரண்டு ஆண்டுகள் வரையிலான கூடுதல் காப்பை அதே கனடாவிடமிருந்து பெற்றிருக்கிறது. குறியீடுகளில் இணங்கியதைக் காட்டி மருந்து விதிகளை மறுக்கும் பேரமே அங்கு பொருத்தமானது.

விதையில் முடிவு சுருக்கமானது. ட்ரிப்ஸ் பயிர் ரகங்களுக்குக் காப்புரிமையையோ தகுந்த தனிச் சட்டத்தையோ மட்டுமே கேட்கிறது. அதன்படி உழவர் தம் விளைச்சலிலிருந்து விதையைச் சேமிக்கவும் பரிமாறவும் உரிமை தரும் சட்டத்தை ஒரு நாடு இயற்றிக்கொள்ளலாம், இந்தியா 2001இல் அப்படித்தான் இயற்றியது. 1991 யூபாவ் ஒப்பந்தம் பாதுகாக்கப்பட்ட ரகங்களில் சேமிப்பை வரம்புக்குள் வைக்கிறது, உழவர்களுக்கிடையிலான பரிமாற்றத்துக்கு இடமே விடுவதில்லை. ஆர்.சி.இ.பி. தனிச் சட்டத்தை அனுமதிக்கிறது, சி.பி.டி.பி.பி. யூபாவைக் கேட்கிறது, மாவோரி மக்களுடனான வைதாங்கி உடன்படிக்கையைக் காட்டி நியூசிலாந்து மட்டும் அதற்கு மாற்று வழி பெற்றது. சிறு உழவர்கள் மிகுந்த நாடு மூன்றாவது வழியை மறுக்க இந்த ஒன்றே போதுமான காரணம்.

அறிவுசார் சொத்துரிமை அத்தியாயத்தை இவ்வளவு கவனித்து எழுதிவிட்டு, முதலீட்டு அத்தியாயத்தைத் திறந்து வைப்பதும் நடக்கிறது. யு.எஸ்.எம்.சி.ஏ.வுக்கு முன்பிருந்த நாஃப்டாவின் முதலீட்டு விதிகளைக் கொண்டு அமெரிக்க மருந்து நிறுவனமான எலி லில்லி, தன் இரு மருந்துகளின் காப்புரிமையைக் கனடிய நீதிமன்றங்கள் செல்லாதென அறிவித்ததற்கு 50 கோடி கனடிய டாலர் இழப்பீடு கேட்டது. 2017 மார்ச்சில் தீர்ப்பாயம் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது; கனடாவைப் போன்ற வளமான நாட்டுக்கே அது பல ஆண்டு வழக்காயிற்று. காப்புரிமை முதலீடாகக் கருதப்படும் எந்த ஒப்பந்தத்திலும், ட்ரிப்ஸுக்கு இணங்க வழங்கப்படும் கட்டாய உரிமமும் காப்புரிமையை ரத்து செய்வதும் சொத்துப் பறிப்பாகாது என்ற விதி வேண்டும். சி.பி.டி.பி.பி.யின் 9ஆம் அத்தியாயம் இவ்வகை விலக்கைக் கொண்டிருப்பதால் அதையே முன்மாதிரியாகக் காட்டலாம். அந்த வரி முதலீட்டு அத்தியாயத்தில் இருக்கிறதா என்பதைச் சுகாதார அமைச்சகத்தின் சட்ட அலுவலர்கள் தாமே படித்துச் சரிபார்த்த பின்பே கையெழுத்துக்கான நாள் குறிக்கப்பட வேண்டும்.